விசாரணை முடியட்டும், பிறகு கால்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. அடுப்பில் பால் பொங்கி வழியும்போது அடுப்பை அணைக்காமல், பாலை வைத்தது யார் என்று கேட்கும் இனம். குழாய் உடைந்து கூடமெல்லாம் தண்ணீர் பரவினாலும் இவர்கள் வாளியைத் தேட மாட்டார்கள்; கடைசியாகக் குழாயைத் தொட்ட கையைத் தேடுவார்கள். வீடே பற்றி எரிந்தாலும், பற்றவைத்தவர் இன்னார் என்று தெரியாமல் தண்ணீர் ஊற்றுவது முறையாகாது என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது. தண்ணீர் குற்றவாளியையும் சேர்த்துக் காப்பாற்றிவிடுமே!

நடந்ததற்குக் காரணம் தேடுவது தவறில்லை. காரணம் தேடித்தான் மனிதன் மருந்தையும் கண்டுபிடித்தான், பாலத்தையும் கட்டினான். ஆனால் இந்த இனத்தார் தேடுவது காரணத்தை அல்ல, ஆளை. காரணம் என்பது ஒரு துருப்பிடித்த ஆணியாக இருந்துவிடலாம், வழுக்கும் தரையாக இருந்துவிடலாம். ஆணியை நிற்கவைத்துக் கேள்வி கேட்க முடியுமா? தரை தலைகுனியுமா? ஆள் குனிவான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்த பிறகுதான் இவர்களுக்கு மூச்சு சீராகும். உடைந்தது உடைந்தபடியே கிடக்கும். அதனால் என்ன? உடைத்தது யார் என்று தெரிந்துவிட்டதல்லவா!

இந்த இனத்தில் நன்கு விளைந்த ஒருவர் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறார். அங்கே அவருக்கு ‘யாரு சார்’ என்று பெயர். ஒரு மழைநாளில் கூரை ஒழுகிச் சரக்குப் பெட்டிகள் நனையத் தொடங்கியபோது, அத்தனை பேரையும் அந்த ஒழுகலுக்கு நேர் கீழே வரிசையாக நிற்கவைத்து, போன கோடையில் கூரை ஏறியது யார் என்று விசாரித்தவர் அவர். பெட்டிகளோடு ஆட்களும் நனைந்தார்கள். கூரை ஏறியவன் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகியிருந்தது. அது தெரிந்ததும் அவருக்கு ஏற்பட்ட ஏமாற்றம், நனைந்த சரக்கைப் பார்த்தபோது ஏற்படவில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டில் ஒரு சின்சில்லா இருந்தது. முயலின் காது, அணிலின் வால், எலியின் மீசை, இவற்றையெல்லாம் ஒரு கைப்பிடிப் பஞ்சில் செருகிவைத்தது போன்ற பிராணி. தண்ணீரில் குளிக்காது, மணலில் புரண்டு குளிக்கும். பள்ளிக்கூடம் போகும் மகள் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தாள். வீட்டிலேயே யாரையும் எதுவும் கேட்காத ஒரே உயிர் அதுதான் என்பதாலோ என்னவோ, எல்லோருக்கும் அதன்மேல் பிரியம்.

ஒருநாள் மாலை அவர் வேலை முடிந்து வந்து, வாசலில் கிடந்த மரப்பலகைமேல் செருப்புகளை ஒழுங்காக வரிசைப்படுத்திவிட்டு நிமிர்ந்தபோது, மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

“அப்பா, பஞ்சு காலை ஊனவே மாட்டேங்குதுப்பா. பின்னங்கால் தொங்குது. வந்து பாருங்க.”

வந்தார். பார்த்தார். எதை? காலையா? கூண்டின் கதவை.

“இதைக் கடைசியாத் திறந்தது யாரு?”

மனைவி அதற்குள் பஞ்சுவை ஒரு துண்டில் சுற்றி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, வண்டிச் சாவியையும் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். “இப்பவே கெளம்பினா டாக்டரைப் பிடிச்சிடலாங்க. கால் வீங்கிட்டே வருது.”

“கெளம்பலாம். வேண்டாம்னு யாரு சொன்னா? ஆனா டாக்டர் மொதல்ல என்ன கேப்பாரு? எப்படி ஆச்சுன்னு கேப்பாரு. பதில் தெரியாம போய் முழிக்கச் சொல்றியா?”

இந்த வாதத்தின் அழகைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மருத்துவரிடம் போவதற்காகவே மருத்துவரிடம் போகாமல் இருக்கிறார்! அவசரப்படுகிறவள் அவள், பொறுப்போடு நடந்துகொள்கிறவர் அவர். அவர் அதை மனதார நம்பினார் என்பதுதான் இதில் கொடுமை. மனைவியின் கையிலிருந்த சாவியை வாங்கி மேசைமேல் வைத்தார். தொலைக்காட்சியை நிறுத்தினார். எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

எல்லோரும் என்றால் மூன்று பேர். மனைவி, மகள், பிறகு மனைவியின் தம்பி. வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டு அக்கா வீட்டு ஊஞ்சல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன்.

“காலையில புல்லு வச்சது யாரு?”

“நான்தான்,” என்றாள் மனைவி.

“கதவைச் சாத்துனியா?”

“சாத்துனேன்.”

“சாத்துனியா, இல்ல சாத்துனதா நெனைக்கிறியா?”

இந்தக் கேள்விக்கு உலகத்தில் யாரால் பதில் சொல்ல முடியும்? நீங்கள் இன்று வீட்டைப் பூட்டினீர்களா, பூட்டியதாக நினைக்கிறீர்களா? பெரிய சிந்தனையாளர்கள் ஆயுள் முழுவதும் உட்கார்ந்து யோசித்த சந்தேகத்தை அவர் ஒரு கூண்டுக் கதவுக்காகச் செலவழித்தார். அவள் தடுமாறியதை மட்டும் கவனமாக மனதில் குறித்துக்கொண்டார்.

அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் வந்தது. வலி வந்தால் அந்தப் பிராணி அப்படித்தான் செய்யும்.

மைத்துனன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். அதுவே ஓர் அதிசயம்.

“அத்தான், நான்தான் பண்ணேன். தப்பு முழுக்க என்னோடது. போதுமா? வண்டியை எடுங்க.”

“எப்பப் பண்ணே?”

“மத்தியானம்.”

“மத்தியானம் நீ தூங்கிட்டுல்ல இருந்திருப்பே?”

“தூக்கத்துல பண்ணிட்டேன், அத்தான். எனக்குத் தூக்கத்துல நடக்குற பழக்கம் உண்டு.”

“முழிச்சிருக்கும்போதே நடக்க மாட்டியேடா நீ!”

மற்ற நாளாக இருந்தால் மனைவி சிரித்திருப்பாள். அவருக்கோ உண்மையாகவே கோபம் வந்தது. பொய்யான ஒரு குற்றவாளியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அவர் அநியாயக்காரர் அல்ல. செய்யாதவன் தலையில் பழியைக் கட்டும் ஆள் அல்ல. சரியான தலைதான் வேண்டும் அவருக்கு. அதற்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பார். தன் காலா வீங்குகிறது?

அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்த மகளுக்குத்தான் தாங்கவில்லை. அன்று காலை அவள் பஞ்சுவை வெளியே ஓடவிட்டுத் திரும்பக் கூண்டுக்குள் விட்டிருந்தாள்.

“ஒருவேளை நான்தான் அதை வேகமா உள்ள விட்டுட்டேனோ என்னமோ...”

“ஒருவேளையா?”

அவள் பெட்டியைப் பார்த்தாள். சாவி கிடந்த மேசையைப் பார்த்தாள். “நான்தான்பா. நான்தான் வேகமா விட்டேன்.”

அப்பாடா! அவர் முகம் எவ்வளவு மலர்ந்துவிட்டது! திட்டினாரா? இல்லவே இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துத் தலையைத் தடவினார். தப்புச் செய்வது சகஜம், ஒப்புக்கொள்வதுதான் பெரிது என்றார். உண்மை பேசுவதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று விளக்கினார். தன் சின்ன வயதில் தான் ஒரு கண்ணாடியை உடைக்காதபோதும் உடைத்தவனைத் தானே கண்டுபிடித்துக் கொடுத்ததை உதாரணமாகச் சொன்னார். காலையில் எப்படித் திறந்தாள், எந்தக் கையால் விட்டாள் என்று கூண்டின் முன்னால் ஒருமுறை செய்துகாட்டவும் சொன்னார். அழுதுகொண்டே அவள் செய்துகாட்டினாள். செய்யாத ஒன்றைச் செய்துகாட்டுவது எவ்வளவு கஷ்டம்!

“சரி, இப்பக் கெளம்பலாம்,” என்றார் பெருந்தன்மையோடு.

மருத்துவர் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். “இவ்வளவு சீக்கிரம் மூடச் சொன்னது யாரு?” என்று நம்மவர் பூட்டைக் கேட்டார். பூட்டு ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று அந்த வீட்டில் நன்றாகத் தூங்கியவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை நால்வரும் போனார்கள். அதே மருத்துவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் கையை விரித்தார். “நாங்க நாய், பூனைதாங்க பாப்போம். இது எனக்குப் பழக்கமில்லாத உடம்பு. எலும்பு ஈர்க்குச்சி மாதிரி இருக்கும். தெரியாம நான் தொடக் கூடாது.” இப்படிப்பட்ட சிறு பிராணிகளைப் பார்க்கும் ஒரு பெண் மருத்துவர் நகரத்தின் மறுகோடியில் இருப்பதாகச் சொல்லி வழியும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மனிதரைப் பார்ப்பது அபூர்வம். நம்மவர் அதைக் கவனிக்கவில்லை. வண்டியில் ஏறியதும் மனைவியின் பக்கம் திரும்பினார்.

“மொதல்ல இந்த டாக்டர்கிட்ட வரலாம்னு சொன்னது யாரு?”

“ரோட்டைப் பாத்து ஓட்டுங்க,” என்றாள் அவள்.

பெண் மருத்துவர் பஞ்சுவை மேசைமேல் துண்டோடு வைத்து, மயிரை விலக்கிக் காலைப் பார்த்தார். பாதம் கறுத்துக் குளிர்ந்து கிடந்தது.

“எப்ப ஆச்சு?”

“என் மக பண்ணது, டாக்டர். வேகமா உள்ள விட்டிருக்கா. அவளே ஒத்துக்கிட்டா.”

“யாருன்னு கேக்கலை. எப்பன்னு கேட்டேன்.”

“நேத்து,” என்றாள் மனைவி.

“நேத்தா? நேத்தே வந்திருந்தா கட்டுப் போட்டுப் பாத்திருக்கலாமே. இப்ப ரத்த ஓட்டம் நின்னு போச்சு. பாதத்தை எடுத்துத்தான் ஆகணும்.” பிறகு எக்ஸ்ரே எடுத்து, அதை வெளிச்சத்தில் பிடித்தபடி அவர் மேலும் சொன்னார்: “வேகமா விட்டதுனால இப்படி ஆகாது. கால் எதிலயோ மாட்டி, இழுத்துத் திருகியிருக்கு. கூண்டுக்கு அடியில என்ன, கம்பி வலையா? மேல பலகை எதுவும் போடலையா?”



பலகை இருந்தது. கூண்டோடு வந்த பலகை. அதில் ஈரம் ஊறி நாற்றம் அடிக்கிறது, கம்பி என்றால் எல்லாம் கீழே விழுந்துவிடும், சுத்தமாக இருக்கும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றிவிட்டு, அதைத் தன் கையாலேயே வெளியே எடுத்தவர் ஒருவர் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தார். அதைக் கழுவிக் காயவைத்து வாசலில் போட்டதும் அவரே. தினமும் மாலையில் அதன்மேல் செருப்புகளை வரிசைப்படுத்துவதும் அவரே. மனைவி சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்தாள். மைத்துனன் விட்டத்தைப் பார்த்தான். ஒருவரும் ‘யாரு’ என்று கேட்கவில்லை.

“பலகை... கழண்டுபோச்சு, டாக்டர்,” என்றார் அவர்.

கழன்றதாம். தானாகவே. நடந்து வாசல்வரைக்கும் போயிருக்கும்.

பஞ்சுவை உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். வெளியே நீளமான பெஞ்சில் நால்வரும் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து மகள் அவர் சட்டையைத் தொட்டாள்.

“அப்பா, அப்ப நான் இல்லையாப்பா?”

ஒரு சொல் போதும். ‘இல்லை’ என்று ஒரே ஒரு சொல். ஒரு குழந்தை இரவெல்லாம் நெஞ்சில் தூக்கிக்கொண்டு கிடந்த பாரத்தை இறக்கிவைக்க அவர் வேறெதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ‘இல்லை’க்குப் பின்னால் அவருக்கு மிகவும் பழக்கமான ஒரு கேள்வி காத்துக்கொண்டு நின்றது. ‘பிறகு யாரு?’

“அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?” என்றார். “நடந்தது நடந்துபோச்சு. யாரு என்னன்னு தோண்டிக்கிட்டே இருந்தா மனுசன் நிம்மதியா இருக்க முடியுமா? மன்னிக்கப் பழகணும்.”

பாருங்கள், எவ்வளவு பெரிய ஞானம்! துறவிகள் காட்டில் தவமிருந்து அடைவதை இவர் ஓர் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்த இடத்தில் அடைந்துவிட்டார். இந்த இனத்தாரின் மன்னிப்பு எப்போதும் இப்படித்தான் வரும், விரல் தங்கள் பக்கம் திரும்பிய அந்த நிமிடத்தில்.

“நீ இல்லடா கண்ணு,” என்றாள் அம்மா, அவரைத் தாண்டிக் குனிந்து. “நீ இல்லவே இல்ல.”

உங்களுக்கு இப்போது திருப்தியாக இருக்கும். குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. தலைகுனியாவிட்டாலும் முகமாவது சுண்டியது. கதை முடிந்தது என்று எழுந்திருக்கப் போகிறீர்கள். ஒன்று கேட்கட்டுமா? பஞ்சு பிழைத்ததா என்று இதுவரை உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா?

கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். பிழைத்தது. மூன்று காலும் ஒரு சிறு கட்டையுமாக இப்போது முன்னைவிட வேகமாகத் தாவுகிறது. மணலில் புரளும்போது மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்பதுபோல் காதை நிமிர்த்துகிறது. அது வீட்டுக்கு வந்த அன்று மனைவி வாசலிலிருந்த செருப்புகளைத் தரையில் தள்ளிவிட்டு, பலகையைத் தேய்த்துக் கழுவி உலர்த்திக் கூண்டுக்குள் போட்டாள். மாலையில் அவர் வந்தார். வெறும் தரையைப் பார்த்தார். பழக்கம் விடுமா?

“இங்க இருந்த பலகையை எடுத்தது யாரு?”

ஊஞ்சல் நாற்காலியிலிருந்து மைத்துனன் கேட்டான்: “எந்தத் தடவை, அத்தான்?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டு அடுப்பிலிருந்து ஏதோ தீயும் வாசனை வருகிறதே! முதலில் போய் அணைத்துவிட்டு வாருங்கள். அதை வைத்தது யார் என்று பிறகு பேசிக்கொள்ளலாம்.