கண்ணாடிப் பெட்டியில் என் விடைத்தாள்

சிங்காநல்லூர்,
12.5.1996

பெருமதிப்பிற்குரிய கனகம் அம்மா அவர்களுக்கு,

தங்கள் பழைய மாணவி சண்முகப்பிரியா (பி.ஏ. தமிழ், 1993, கடைசி பெஞ்சு) வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் துறையில் அனைவரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே என் கணவர் சுரேந்தரும் பதினோரு மாதக் குழந்தையும் சுகம். எனக்குத்தான் நிம்மதி போய்விட்டது. காரணம் தங்கள் அழைப்பிதழ். மூன்று வாரம் முன்பே வந்ததற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், மன்னிக்கவும். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, பாதி அழைப்பிதழ் அதன் வாய்க்குள் போய்விட்டது.

வெள்ளிவிழாவில் ஆவண அறை திறந்து, என் மூன்றாம் ஆண்டு மாதிரித் தேர்வுத் தாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறீர்கள் என்றதும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பிறகுதான் எந்தத் தாள் என்று ஞாபகம் வந்தது. அம்மா, உண்மையைச் சொல்லிவிடுகிறேனுங்க. 'நாவல் ஒன்றில் வரும் நகைச்சுவைப் பாத்திரத்தை விளக்குக' என்ற கேள்விக்கு நான் எழுதிய நாவலே உலகத்தில் கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள், ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை, நடந்ததையே நாவலென்று எழுதிப்போட்டேன். மாப்பிள்ளையின் அம்மா வீட்டுக்குள் வராமல் நேரே மாட்டுக்கொட்டகைக்குப் போனது, எருமையின் வாயைத் திறந்து பல் பார்த்தது, எத்தனை லிட்டர் கறக்கும் என்று விசாரித்தது, அதே பார்வையோடு என் பக்கம் திரும்பியதும் நான் பயந்து வாயை இறுக்க மூடிக்கொண்டது, எல்லாம் அதில் இருக்கிறது. அவசரத்தில் பெயரைக்கூட மாற்றவில்லை. பாத்திரத்தின் பெயர் ராசாத்தாள். அந்த மாப்பிள்ளையைத்தான் கட்டிக்கொண்டேன். என் மாமியார் பெயர் ராசாத்தாள்.

இவர் சும்மா இருக்காமல் தாராபுரத்துக்கு எஸ்.டி.டி. போட்டு அத்தையிடம் என் தாளைக் காட்சிக்கு வைக்கப்போவதைச் சொல்லிவிட்டார். அவர் விழாவுக்கென்றே புதுச்சேலை எடுத்துவிட்டாராம். எழுத்தென்று எதைக் கண்டாலும் சத்தமாகப் படிக்கிறவர். எனக்கு ஜூனில் பி.எட். சேர இடம் கிடைத்திருக்கிறது. அத்தை இங்கே வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டால்தான் நான் போக முடியும். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார், என்னை 'வாங்க, போங்க' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார். ரசத்தில் உப்பு கூடினதற்கே நாலு நாள் அந்த மரியாதை நடந்தது, நான் இளைத்தே போனேன். இதற்கு எத்தனை வருஷமோ! தயவுசெய்து அந்தத் தாளை எடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் மேலே ஒரு பூச்சாடியாவது வையுங்கள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு என் அன்பும்.

என்றும் தங்கள் மாணவி,
ச. சண்முகப்பிரியா

பி.கு.: உறையில் போடுவதற்குள் அத்தை வந்து இறங்கிவிட்டார். "அந்தப் பரீச்சையில அப்படி என்ன கண்ணு எழுதிப்போட்ட?" என்று நேராகவே கேட்டார். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் வரவில்லை, அத்தனையும் சொல்லிவிட்டேன். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கலே வந்துவிட்டது. "மாட்டை நல்லா வெச்சிருக்கற ஊட்டுல புள்ளையையும் நல்லாத்தான் வளத்தியிருப்பாங்க. உன்னைப் பாக்கறக்கு முன்னாலயே முடிவு பண்ணிப்போட்டேன்" என்றார். ஜூன் முதல் தேதியே பெட்டியோடு வருகிறார். ஆகவே தாளை எடுக்க வேண்டாம், எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். ஆனால் அந்த விடைக்குத் தாங்கள் போட்டது இருபதுக்குப் பதினெட்டு என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "என்னையப் பத்தி எழுதுனதுக்கு ரெண்டு மார்க்கு எதுக்குக் கொறச்சாங்க?" விழாவன்று தங்களையே கேட்கப்போகிறாராம். எதற்கும் ஒரு காரணம் யோசித்து வையுங்கம்மா.