கருவி மீது குற்றமில்லை

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். உங்கள் கால் எரிச்சலுக்குச் செருப்பை மாற்றினீர்களா? மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, முதலில் இதைப் படித்து முடியுங்கள். மச்சான், நான் ஜெயித்துவிட்டேன்!

நம் இருவருக்கும் ஒரே வருடத்தில் வந்த சர்க்கரையில் என்னுடையது அடங்கிவிட்டது. மாத்திரை இல்லாமல் ஐந்து மாதம், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) ஐந்து புள்ளி எட்டு. இதில் உங்களுக்கு ஒரு பங்கும் கிடையாது. போன வருடம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினீர்களே, கசப்பு விதைப் பொடி, இருபத்தொரு நாள், மாத்திரையைக் குப்பையில் போடு, டாக்டர்கள் மறைக்கும் ரகசியம் என்று! முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவன் நான், தராசுக்கு அடியில் ஒட்டிய காந்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே பிடித்தவன், மாத்திரையை எறிந்துவிட்டு அந்தப் பொடியை மட்டும் சோதிக்காமல் வாயைத் திறந்து விழுங்கினேன். ஒன்பதாம் நாள் நாக்கு வறண்டு, தண்ணீர்க் குடத்துக்கும் கழிவறைக்குமாக நடையாய் நடந்தேன். சர்க்கரை பார்க்கும் கருவி முந்நூற்று நாற்பது என்றது. "கருவி பொய் சொல்லுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சோதனையில் இறங்கினேன். ஆளுக்கொரு புது ஊசி. உங்கள் தங்கைக்குத் தொண்ணூற்றெட்டு. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனுக்கு நூற்று நான்கு. வாசலுக்கு வந்த தபால்காரரின் விரலையும் பிடித்தேன். "சார், நான் தபால் குடுக்க வந்தேன், ரத்தம் குடுக்க வரலை" என்று கத்தினார். அவருக்கு நூற்றுப் பத்து. எனக்கு மட்டும் கூட்டிக் காட்டுகிறது என்று கம்பெனிக்கு மூன்று பிரதிகளில் புகார் எழுத உட்கார்ந்தேன். "அந்தக் கருவிக்கு உங்க மேல அப்படி என்னங்க பகை?" என்று கேட்டு, பேனாவைப் பிடுங்கி, என்னைத் தரதரவென்று டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனாள் உங்கள் தங்கை.

டாக்டரம்மா திட்டவில்லை. "தராசுல முத்திரை இருக்கான்னு பார்ப்பீங்களே, இந்தப் பொடியை யாரு சோதிச்சாங்கன்னு கேட்டீங்களா?" என்றார், அவ்வளவுதான். ஆயிரம் கடைக்காரர்களை நான் கேட்ட கேள்வி அது. திரும்ப மாத்திரை. தட்டில் பாதி காய்கறி, சோறு ஒரு கரண்டி, சர்க்கரை போட்ட டீக்கு முழுக்கு, தினமும் ஒரு மணி நேர நடை. வீட்டுத் தராசை என் பழைய எடைக்கற்களை வைத்துச் சோதித்த பிறகே ஏறினேன். பதினாலு கிலோ குறைந்தது. மாத்திரையை டாக்டரம்மாவே படிப்படியாகக் குறைத்து, அவரே நிறுத்தினார். "போயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லாதீங்க. அடங்கியிருக்கு. எடை ஏறினா திரும்ப வரும். எல்லாருக்கும் இப்படி அமையாது. சோதனைக்குத் தவறாம வரணும்" என்றார். கேட்டுக்கொண்டேன். ஆனாலும் தெருமுனை வரை சொல்லிவிட்டேன், சந்தோஷத்தை எங்கே ஒளித்து வைப்பது?

ஆகவே மச்சான், குடும்பக் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். சுருக்கமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்வேன்.

வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் குறைந்த சர்க்கரையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
ஓய்வுபெற்ற ஆய்வாளர், நிகர எடை அறுபத்தெட்டு கிலோ.

பின்குறிப்பு: கடிதத்தைப் படித்த உங்கள் தங்கை, கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அந்தச் செய்தியை முதலில் உங்களுக்கு அனுப்பியதே நான். நீங்கள் அதையே எனக்குத் திருப்பி அனுப்பி, "இது நிஜமா மாப்ளே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறேன். அதற்குக் கீழே, நான் படிக்காமல் விட்ட ஒரு வரி: "நீங்க சோதிக்காம சொல்ல மாட்டீங்க. நானும் மாத்திரையை நிறுத்திட்டேன்." மச்சான், செருப்பை மாற்றாதீர்கள், கால் எரிச்சலுக்குக் காரணம் செருப்பு இல்லை, ஏறிய சர்க்கரை. மன்னிப்பை நான் கேட்கிறேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நானே கொண்டுவருகிறேன். கருவியும் புது ஊசிகளும் பையில் இருக்கின்றன. விரலைக் கழுவி வையுங்கள், நேரே உங்கள் டாக்டரிடம் போகிறோம்.