வெளியேறும் நேரம் பதியாத தாவீது

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் எதையும் அடுக்கி நிறுத்தும் ‘வரிசை’ நைனாவின் கைக்குத் தப்பியது புகைபோக்கியின் புகை ஒன்றே. காலை இரயிலில் பொன்னேரியில் இறங்குவோர் கதவருகிலும், மற்றவர் உள்ளேயும் நிற்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். சட்டத்தை மீறிக் கதவருகே நின்ற ஒருவரைப் பொன்னேரியிலேயே இறக்கிவிட்டவர் அவர். தம் தங்கையின் திருமண விருந்தில் உறவினரை உண்ணும் வேகப்படி அமர்த்தினார். மாப்பிள்ளைக்குக் கடைசிப் பந்தியில்தான் இடம் கிடைத்தது.

எங்கள் இரும்பாலையின் வருகைப்பதிவுச் செயலியை எழுதியவரும் அவரே. வாயில் அறையில் நேரக்குறிப்பாளனாயிருந்த எனக்கு அதை இவ்வாறு விளக்கினார்:

"ஒவ்வொரு ஆளும் ஒரு டப்பா சார். உள்ள நாலு சீட்டு. பேரு, ஷிப்டு, வந்த டைம், போன டைம். எந்தச் சீட்டப் பாத்து அடுக்கணும்னு நான் சொல்லணும். கம்ப்யூட்டர் அடுக்கிக்கும்."

அவர் தேர்ந்தது போன நேரத்தை. அச்சீட்டு காலியாயுள்ளவர் பட்டியலின் உச்சியில் நிற்பார். வெளியேறியவர் கீழே இறங்குவார். உள்ளே எவரேனும் சிக்கிக்கொண்டால் முதற்பார்வையிலேயே பெயர் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒருநாள் காலை ஆறு மணிக்கு உள்ளே சென்ற தாவீது என்னும் தொழிலாளி, காய்ச்சிய இரும்பைக் கம்பியாக்கும் உருட்டுக்கூடத்தில் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். ஆம்புலன்சிலேயே உயிர் பிரிந்தது. படுத்தபடி வெளியேறியவர் வாயிலில் விரல் பதிக்கவில்லை. மறுநாள் பிற்பகல் இரண்டு மணிக்குக் காலை ஷிப்டின் எல்லாப் பெயர்களும் இறங்கின. அவர் பெயர் மட்டும் உச்சியில் நின்றது. உள்ளிருக்கும் நேரம்: முப்பத்திரண்டு மணி.

அந்த எண் நாள்தோறும் ஏறியது. கேன்டீனில் அப்பட்டியலைப் பார்த்தே சோற்றுத்தட்டு வைப்பார்கள். ஒரு தட்டு கூடுதலாகப் போயிற்று. அது ஒருநாளும் மிஞ்சவில்லை. கிரேன் ஓட்டுநர் தனியே மேலேற மறுத்தார்.

"மேலேர்ந்து பாத்தா யாரோ குனிஞ்சிக்கினு வேல செய்றாப்ல கீது சார்."

மேலாளர் நைனாவை அழைத்தார்.

"யோவ், ஏதாவது ஒரு டைமப் போட்டு அந்தப் பேரக் கீழ தள்ளுய்யா!"

"போவாத மனுசன் போய்ட்டான்னு எப்டி சார் எழுதுறது?"

"அவன் செத்துட்டான்யா!"

"அதுக்குச் சீட்டு இல்ல சார்."

முப்பதாம் நாள், லாக்கரில் இருந்த பொருள்களை வாங்கிச் செல்லத் தாவீதின் மனைவி எஸ்தர் வந்தார். என் மேசைத் திரையில் கணவரின் பெயரைக் கண்டதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நைனா பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இன்னுமா உள்ள கீறாரு? டெய்லி கனவுல வந்து டூட்டி முடியலன்றாரு. அவர ஊட்டுக்கு அனுப்புண்ணா."

நைனாவிடம் பொய் நேரம் கிடையாது. அந்த அம்மாளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று அஞ்சினேன். அவரோ சுவர்க் கொக்கியிலிருந்து மூன்று ஹெல்மெட்டுகளை எடுத்தார். மூன்றாவது எனக்கென்று கை நீட்டினேன்.

"உனக்கில்ல சார். வாம்மா, கூட்டிக்கினு வந்துருவோம்."

இருவரும் உருட்டுக்கூடத்துக்குள் சென்றனர். கால்மணி நேரம் கழித்து மெல்ல நடந்து திரும்பினர். இருவருக்கும் நடுவே ஓராள் நடக்கும் இடைவெளி இருந்தது. எஸ்தர் அந்த இடைவெளியின் பக்கம் திரும்பாமலே, கூரை ஒழுகுவதையும் சின்னவள் சரியாகச் சாப்பிடாததையும் சொல்லிக்கொண்டு வந்தார். நைனாவின் கையில் அந்த மூன்றாவது ஹெல்மெட் இல்லை.

வாயிலில் நான் குறுக்கே நின்றிருந்தேன்.

"ஒதுங்கு சார், வழி உடு."

ஒதுங்கினேன். காய்ச்சிய இரும்பின் வெப்பம் என் கன்னத்தை உரசிக் கடந்தது. நைனா சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, அந்த நிமிடத்தையே பதித்தார்: நான்கு பதினேழு. தாவீதின் பெயர் அசைந்தது. ஒவ்வொரு பெயராய்த் தாண்டி இறங்கி, பட்டியலின் அடியில் போய் நின்றது.

"வர்றோம்ணா" என்றார் எஸ்தர். ஷேர் ஆட்டோவில் ஏறியவர், ஓரமாய்த் தள்ளி உட்கார்ந்தார்.

நைனா மூக்கைச் சிந்தினார். "டேட்டா கரெக்ட் சார்" என்றார்.

எனக்கும் அந்த நேரம் வரும்போது, எங்கிருந்தாலும் நைனாவே வந்து அழைத்துப் போகட்டும். வேறு எவர் கூப்பிட்டாலும் நான் எழுந்திருப்பதாயில்லை.