டிக்கி அண்ணாச்சி பார்த்துக் கொடுத்த கார்

இந்த மும்பையில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் பல லட்சம் பேர் இருப்பார்கள். ஆனால் ஸ்டியரிங்கைத் தொடாமல், பானெட்டைத் திறக்காமல், நேராகப் பின்பக்கம் போய் டிக்கிக்குள் ஏறிப் படுத்துக்கொண்டு ஒரு காரின் முழு ஜாதகத்தையும் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் செம்பூர் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருந்தார். இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக எங்களையெல்லாம் காலி செய்யச் சொன்ன பிறகு இப்போது வடாலாவில் வாடகைக்கு இருக்கிறார்.

அவருடைய நிஜப் பெயர் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. தமிழர்களுக்கு டிக்கி அண்ணாச்சி, மற்றவர்களுக்கு டிக்கி சேட். தாராவியில் பெட்டி, பை மொத்த வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகப் பெட்டிகளோடு வாழ்ந்ததால், உலகத்தில் எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதற்குள் எவ்வளவு அடங்கும் என்றுதான் அவருக்கு முதலில் தோன்றும். அவரிடம் சொந்தமாகக் கார் கிடையாது. ஓட்டவும் தெரியாது.

பட்டம் வந்த கதை சுருக்கமானது. மூன்றாவது மாடி ஜோஷி பழைய கார் ஒன்றை வாங்கி, மாலை போட்டு, எல்லோருக்கும் பேடா கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பேடாவை வாயில் போட்டுக்கொண்டு, டிக்கியைத் திறக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். "பந்த் கரோ!" என்றார். ஜோஷியும் ஏதோ மதராஸி சம்பிரதாயம் என்று நினைத்து மூடிவிட்டார். இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை. ஜோஷியின் மனைவி அலற ஆரம்பித்த பிறகு திறந்தால், அண்ணாச்சி மல்லாக்கப் படுத்து ஒரு மூலையை முறைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஜோஷி சாப், இடது மூலையில வெளிச்சம் தெரியுது. வெளிச்சம் வாற வழியா தண்ணி வராதா? இந்தக் காடி பின்னால அடி வாங்கி ஒட்டவச்ச காடி."

காரை அவர் பம்பாய் வழக்கப்படி காடி என்றுதான் சொல்வார். ஜோஷி நம்பவில்லை. ஜூலை மழையில் அவர் டிக்கியில் மறந்து வைத்திருந்த கோதுமை மூட்டை ஒரு விரல் உயரத்துக்கு முளைவிட்டது. அன்றிலிருந்து அண்ணாச்சி படுத்துப் பார்க்காமல் எங்கள் கட்டடத்துக்குள் ஒரு கார்கூட வந்ததில்லை.

எனக்குக் கார் தேவைப்பட்டது என் மாமனாரால். அவர் டோம்பிவிலியில் இருந்து கோட்டைப் பக்கம் ஆபீசுக்கு இருபத்தெட்டு வருஷம் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் போய் வந்தவர். எதிர் சீட்டில் மணி என்று ஒரு நண்பர். நாலு முழங்கால்களுக்கு மேல் பிரீஃப்கேஸை வைத்து, ரம்மி ஆடிக்கொண்டே இரண்டு பேரும் ரிட்டையர் ஆனார்கள். மாமியார் போன பிறகு மாமா எங்களோடு செம்பூருக்கு வந்தார். ஒரு நாள் காலையில் பக்கவாதம் வந்து இடது காலும் இடது கையும் படுத்துவிட்டன. அப்புறம் சக்கர நாற்காலிதான்.

ஆட்டோவில் அந்த நாற்காலி நுழையாது. வாடகைக் காரைக் கூப்பிட்டால் டிக்கியில் கார் ஓடுவதற்கான கேஸ் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். டிரைவர் நாற்காலியைப் பார்த்ததும், "ஜகா நஹி ஹை", இடமில்லை என்று போய்விடுவார். எட்டு மாதமாக மாமா ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் போகவில்லை. தினமும் மாலை டோம்பிவிலியில் இருக்கும் மணியோடு போனில் பேசுவார். பேச்சு முடிந்த பிறகும் போனைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருப்பார். அதைப் பார்க்க முடியாமல்தான் என் மனைவி சுதா, "கார் வாங்கிடலாம். முதல் வேலையா அப்பாவை டோம்பிவிலிக்குக் கூட்டிண்டு போகணும்" என்றாள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். ஐந்து நிமிஷத்தில் மேலே வந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சக்கர நாற்காலியை மடக்கி, விரித்து, கவிழ்த்து, டேப் வைத்து அளந்தார். மாமாவைப் பிடித்து எழுப்பி, உட்காரவைத்து, அந்த உயரத்தையும் அளந்தார்.

"ஒசரமான காடி வேண்டாம். சாருக்குக் கால் எட்டாது. சின்னக் காடியில நாற்காலி அடங்காது. நடுத்தரமா, பின்னால பெட்டி வச்ச காடிதான் சரிப்படும். புதுசா பழசான்னு நீரு யோசிக்காதேயும். நாற்காலி யோசிக்கட்டும்."

முதலில் புதுக் கார் ஷோரூம். கண்ணாடிக் கதவுக்குள் டை கட்டிய பையன் எங்களுக்குக் காபி கொடுத்து, ஆறு காற்றுப்பை, பெரிய திரை, மேலே திறக்கும் ஜன்னல் என்று சொல்லிக்கொண்டே போனான்.

"மேல எதுக்குப்பா ஜன்னல்? பம்பாயில அண்ணாந்து பாத்தா காக்காதான் தெரியும். அதும் சும்மா போவாது. டிக்கியக் காட்டு."

"ஐநூறு லிட்டர் டிக்கி சார்!"

"நான் என்ன, பாலு ஊத்தவா வந்திருக்கேன்?"

சொல்லிவிட்டு வெளியே போனார். தன் கடை டெம்போவில் முன்னாலேயே அனுப்பிவைத்திருந்த சக்கர நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு, பளபளக்கும் தரையில் நடந்து வந்தார். ஷோரூமே எழுந்து நின்றது. நாற்காலியை உள்ளே விட்டார். போகவில்லை. திருப்பி விட்டார். அப்போதும் போகவில்லை. குகை மாதிரி டிக்கி. ஆனால் வாய் மட்டும் தபால்பெட்டி அளவுக்குத்தான் இருந்தது.

"வயிறு பெருசு, வாய் சின்னது. உள்ள எப்படி இருக்குன்னு பாக்கேன்" என்று ஏறிப் படுத்தார். நான் தடுப்பதற்குள் டிக்கியைத் தன் கையாலேயே இழுத்து மூடிக்கொண்டார்.

காட்சிக்காக டிக்கியைத் திறந்தே நிறுத்தியிருந்த அந்தக் காரில் பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. பையன் பொத்தானை அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் ஓடி வந்து அமுக்கினார். அப்போதும் இல்லை. அந்த நேரத்தில் காருக்குப் பூஜை போட வந்திருந்த ஒரு குஜராத்திக் குடும்பம் தேங்காயும் கையுமாக எங்களைச் சுற்றி நின்றது. உள்ளேயிருந்து மட்டும் நிதானமாகக் குரல் வந்துகொண்டிருந்தது.

"கார்ப்பெட்டு நல்லாருக்குவே... வெளிச்சம் எங்கனயும் தெரியல... பசை வாடைதான் கொஞ்சம் தூக்கலா அடிக்கு..."

கடைசியில் யாரோ பின் சீட்டைப் பிடித்து இழுக்க, முதுகுப் பலகை முன்னால் சாய்ந்தது. அந்த இடைவெளியில் அண்ணாச்சியின் தலை மெல்ல எழும்பியது. வேர்த்து வழிய, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சீட்டு மடங்குது. அது ஒண்ணு நல்ல விசயம்."

தேங்காய் வைத்திருந்த குஜராத்தி அம்மாள் தன்னையறியாமல் கும்பிட்டாள்.

பிறகு பழைய கார்கள். விற்பவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள்: ஒரே சொந்தக்காரர், டாக்டர் ஓட்டியது. நாலாவது ஆளிடம் அண்ணாச்சி பொறுமை இழந்தார். "பம்பாயில இத்தன டாக்டருங்க காரை வித்துக்கிட்டு அலைஞ்சா, ஆஸ்பத்திரியில வைத்தியம் பாக்குறது யாருவே?" இன்னொரு காரின் டிக்கியைத் திறந்ததும் முழு நீளத்துக்குச் சிலிண்டர் தெரிந்தது. "இது காடியா, கல்யாணச் சமையக்கட்டா?" என்று மூடிவிட்டார். இப்படி ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மாமா ஒவ்வொரு ஞாயிறும் சாயந்திரம், "என்ன ஆச்சு?" என்று கேட்பார். ஏழாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாடுங்காவில் ஒரு மாமி கணவரின் காரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, சுதாவையும் கூட்டிக்கொண்டு போனோம். மாமிக்கு எழுபது வயதிருக்கும். வாசலிலேயே சொன்னார்.

"முதல்லயே சொல்லிடறேன். பிடிக்கலேன்னா குடுக்க மாட்டேன்."

"யாருக்குப் பிடிக்கலேன்னா மாமி?" என்றேன்.

"எனக்கு. உங்களை."

எங்களுக்கு முன்னால் வந்த நாலு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தாராம். ஒருவன் காரை உதைத்துப் பார்த்தானாம். ஒருவன் சாம்பல் நிறம் பிடிக்கவில்லை என்றானாம்.

கீழே வந்து அண்ணாச்சி டிக்கியைத் திறந்தார். வழக்கத்துக்கு மாறாகச் செருப்பைக் கழற்றவில்லை. விளிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"அம்மா, இதுல சக்கர நாற்காலி ஏறி எறங்கியிருக்கு."

மாமி திடுக்கிட்டார். "உங்களுக்கு யார் சொன்னா?"

"விளிம்புல ரெண்டே எடத்துல பெயின்ட் போயிருக்கு. பெட்டின்னா கண்ட எடத்துலயும் ஒரசும். இது ஒரே ஆளு, ஒரே மாதிரி, ரொம்ப நாளு தூக்கி வச்சது."

மாமியும் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். "நான்தான் வச்சேன். ரெண்டரை வருஷம். அவர் முன் சீட்டுல உக்காந்துண்டு, 'பாத்து, பெயின்ட் போயிடப் போறது'ன்னு கத்துவார். எனக்கு இடுப்பு போறதைப் பத்திக் கவலைப்பட்டதே இல்லை." சிரித்தார். பிறகு, "உங்க நாற்காலியக் கொண்டு வாங்கோ" என்றார்.

கொண்டு வந்தேன். மாமி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "பெரிய சக்கரம் முதல்ல போகணும். கால் வைக்கற பலகை இடது பக்கம்" என்று ஒரே வீச்சில் உள்ளே தள்ளினார். நாற்காலி அங்கேயே பிறந்தது போல் உட்கார்ந்துகொண்டது.

அண்ணாச்சி அசந்துபோனார். "அம்மா, நீங்க தாராவியில கடை போட்டிருந்தீயன்னா நான் பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிருப்பேன்."

"அது இருக்கட்டும். நீங்க உள்ளே படுத்துப் பாப்பேள்னு இந்தப் பொண்ணு போன்ல சொன்னாளே?"

"வேண்டாம்மா. பாத்த மட்டும் போதும்."

"அதெல்லாம் இல்லை. படுங்கோ. எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

நாற்காலியை எடுத்தோம். அண்ணாச்சி முதன்முறையாக வெட்கப்பட்டுக்கொண்டே ஏறிப் படுத்தார். மாமியே மூடினார். திறந்ததும், "சுத்தம்மா, ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல" என்றார். மாமி சாவியைச் சுதாவின் கையில் கொடுத்தார். எஞ்சினைப் பார்த்த மெக்கானிக்கும் குறை ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு டோம்பிவிலி. மாமா முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். கிளம்பும் நேரத்தில் அண்ணாச்சி பின் சீட்டில் சுதாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானும் வாரேன். காடி எப்படிப் போவுதுன்னு பாக்கணும்லா."

விக்ரோலி தாண்டும்போது அவர் பேச்சு நின்றது. முலுண்டில் முகம் வெளுத்தது. "ஓரங்கட்டும்வே!" என்று கத்தி, கதவைத் திறந்து ஓடினார். ஷில்பாட்டா வருவதற்குள் மூன்று தடவை ஓரங்கட்டினோம்.

"அண்ணாச்சி, நீங்க கார்ல போனதே இல்லையா?"

"நின்ன காடியிலதான்வே ஏறியிருக்கேன்" என்று முனகினார். "காடி மேல குத்தமில்ல. நாந்தான் பழைய மாடலு."

மணியின் கட்டடத்தைப் பார்த்ததும்தான் என் தப்பு புரிந்தது. மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. இரண்டு மாதமாகக் கார் பார்த்த புத்திசாலி நான், இதைக் கேட்கவே இல்லை. மணிக்கோ இரண்டு முழங்காலும் போய், இறங்கி வர முடியாது. மேலே ஜன்னலில் ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. மாமா அண்ணாந்து பார்த்தார்.

"பரவாயில்லை மாப்பிள்ளை. கையை ஆட்டிட்டுப் போயிடலாம்."

அண்ணாச்சி அதற்குள் குழாயடியில் முகம் கழுவிவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்திருந்தார். காரின் முன்கதவுக்கு நேராக முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"ஏறுங்க சார். கழுத்தப் புடிச்சுக்கிடுங்க. நெரிச்சிராதீங்க."

மறுப்புச் சொல்ல மாமாவுக்கு அவகாசமே கொடுக்கவில்லை. நானும் சுதாவும் பின்னால் தாங்கிக்கொண்டே போனோம். முதல் மாடியில், "தாராவிக்கு வந்த புதுசுல ஒரே நடையில எட்டுப் பெட்டி தூக்குவேன் சார்" என்றார். இரண்டாவது மாடியில், "அதுல ஒரு பெட்டிக்கும் இம்புட்டுக் கனம் கெடையாது" என்றார். முதுகில் இருந்த மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பத்து மாதத்தில் அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை.

கதவில் மணி கைத்தடியோடு நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வண்டி லேட்" என்றார் மணி.

"சிக்னல்" என்றார் மாமா.

அவ்வளவுதான் விசாரிப்பு. பத்து நிமிஷத்தில் சீட்டுக்கட்டு வந்துவிட்டது. மாமாவுக்கு ஒரு கைதான் என்பதால் சுதா சீட்டைப் பிடித்துக்கொண்டாள். அரை மணியில் மணி ஏமாற்றுகிறார் என்று மாமா கத்த, வீடே அதிர்ந்தது. நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது மணி கைத்தடியோடு பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அண்ணாச்சி முந்தாநாளே எனக்குப் போன் பண்ணிட்டார். லிஃப்ட் உண்டான்னு கேட்டார். மொத்தம் எத்தனை படி, நடுவுல நின்னு மூச்சு வாங்க இடம் இருக்கான்னு எல்லாம் விசாரிச்சார்."

அண்ணாச்சி வெளியே மாடிப்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஏன் அண்ணாச்சி முன்னாடியே சொல்லலை?" என்றேன்.

"சொன்னா நீரு பொறப்பட்டிருப்பீராக்கும்?"

சாயந்திரம் அதே மாதிரி மாமாவைக் கீழே இறக்கிக் காரில் உட்காரவைத்தார். காரைப் பார்த்ததுமே அவர் முகம் மறுபடி வெளுத்தது. "நீங்க போங்க. ரயிலு எனக்குக் கொமட்டாது" என்று ஸ்டேஷனைப் பார்த்து நடந்துவிட்டார்.

தாணேயில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். செம்பூர் வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. வழி முழுக்க மாமா மணியின் தில்லுமுல்லுகளைச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தூங்கிப்போனார். கட்டட வாசலில் திரும்பும்போது அண்ணாச்சி கேட்டருகில் நின்று, கையை ஆட்டி, "ஒடியும்... இன்னும் ஒடியும்... பஸ், போதும்!" என்று எனக்கு வழி சொன்னார். கதவைத் திறந்து, மாமா விழித்துக்கொள்ளாதபடி அவர் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா நிக்கறீங்க அண்ணாச்சி?" என்றாள் சுதா.

"இப்பம்தான் வந்தேன்."

மாமாவைப் படுக்கவைத்துவிட்டு, காரைப் பூட்டக் கீழே வந்தபோது வாட்ச்மேன் சொன்னார், சேட் வந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறதாம். அவர் வீட்டுக் கதவு அங்கிருந்து பத்தடி தூரம். உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அதற்குள் நாங்கள் வந்துவிடுவோமோ என்று, அங்கேயே நின்றுகொண்டிருந்தாராம்.