செவ்வாய்க்கிழமைச் சந்தை

கொட்டாரமேட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் சந்தை கூடும். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை விட்டால், புளியும் சாமையும் விற்க சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வருவது இங்கேதான். ஆனால் பதிவேட்டின்படி இந்தச் சந்தை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகங்களுக்கு விடுமுறை. விடுமுறை நாளில் நடப்பதை அலுவலர் நேரில் பார்க்க முடியாது. நேரில் பார்க்காததை எழுதக் கூடாது.

சிறுநகர மையப் புத்துயிரூட்டல் இயக்ககத்தின் திட்ட அலுவலர் சக்கரவர்த்தி மலையேறி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. சந்தை மைதானத்துப் புளியமரத்தடியில் அரைமணி நேரம் நின்று எண்ணினார். பதினொரு மனிதர்கள், இரண்டு ஆடுகள். ஆடுகளை விதிப்படி கழித்துவிட்டு, எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு அறிக்கையோடு வந்தார். "மேற்படி ஊரின் வணிக மையம் முற்றிலும் உயிரற்ற நிலையில் காணப்படுகிறது. போர்க்கால அடிப்படையில் புத்துயிரூட்டுதல் அவசியம்" என்றிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாலு காப்பி கேட்டாரே என்று வாயை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் மைதானம் முழுக்க டைல்ஸ் போட்டார்கள். சிமெண்ட் பெஞ்சுகள் வந்தன. செல்ஃபி எடுக்க, ஆள் உயரத்தில் சிவப்பாக ஊர்ப் பெயர் வந்தது. வாசலில் பலகை: "மக்கள் புழங்கும் சதுக்கம். உள்ளே யாரும் வரக் கூடாது."

அந்தப் புளியமரத்தடியில் இருபது வருஷமாகக் கடை போட்டவள் ரத்தினம்மாள். புளி நாலு மாதம் விற்கும். அதை வைத்துத்தான் அவள் வீட்டில் வருஷம் முழுக்க அடுப்பு எரியும். நேரே அலுவலரிடம் போனாள்.

"சார், எங்க எடத்த மூடிட்டீங்களே. நாங்க எங்க கட போடறது?"

"இது இப்ப சந்தை இல்லம்மா, சதுக்கம். இங்க ஜனங்க நிறைய வரணும்னுதான் கட்டியிருக்கோம்."

"சந்த போட்டா ஜனம் தானா வருமே சார்."

"சந்தை போட்டா அழுக்காயிடும். அழுக்கானா ஜனங்க வர மாட்டாங்க."

"ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. ஆயிரம் பேரு இருப்பாங்க."

"அன்னிக்கு லீவும்மா. லீவு நாள்ல எத்தனை பேர் வந்தாலும் வந்ததா ஆகாது."

அதன்பிறகு சந்தை ரோட்டு வளைவில் கூடியது. பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே பாதிப் பேரைத் துரத்தினார்கள். ரத்தினம்மாளிடம் வாராவாரம் புளி எடுக்கும் வாணியம்பாடி இல்யாஸ் பாய், மினி லாரியை நிறுத்த இடமில்லாமல் இரண்டு வாரம் வெறும் வண்டியோடு திரும்பினார். மூட்டைகள் அவள் வீட்டிலேயே கிடந்தன. யாரைக் குறை சொல்ல, காப்பி எடுத்தவன் நான்தானே.

இந்த நேரத்தில், சதுக்கத்தில் ஜனநடமாட்டம் எப்படி என்று பார்க்க இயக்குநரே வருவதாகக் கடிதம் வந்தது. வருவதும் செவ்வாய்க்கிழமை. சக்கரவர்த்தி முந்தின செவ்வாயன்று எண்ணிப் பார்த்தார். பதினொரு பேர். ஆடுகளைக்கூட டைல்ஸ் வழுக்குகிறதென்று காணோம். என் கடையில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தார். என் வாய் சும்மா இருக்குமா. "ரத்தினம்மாளக் கூப்டுங்க சார்" என்றேன்.

அப்படிப் பிறந்ததுதான் "பாரம்பரிய மாதிரிச் சந்தை". உட்காருகிறவர்களுக்கு வருகைப் பதிவேடு, நாள் கூலி. சதுக்கத்தில் விற்பனைக்குத் தடை இருப்பதால் எதையும் விற்கக் கூடாது, மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு இருந்தால் போதும். வாங்குகிறவர்களும் வேண்டுமே என்று இல்யாஸ் பாயைப் பிடித்து, "வாடிக்கையாளர்" என்று அட்டை மாட்டி, அவருக்கும் கூலி போட்டார்கள். பேரம் பேசலாம், வாங்கக் கூடாது.

"விக்காத புளிக்கி சந்த எதுக்கு சார்?" என்றாள் ரத்தினம்மாள்.

"சந்தைக்கு எதுக்கும்மா விற்பனை?" என்றார் சக்கரவர்த்தி.

இயக்குநர் வந்தார். முந்நூறு பேரைப் பார்த்தார். புளியில் ஒரு சுளையை வாயில் போட்டுக் கண்ணைச் சுருக்கினார். ஊர் பிழைத்துவிட்டது என்றார். இனி ஒவ்வொரு செவ்வாயும் இதே ஏற்பாடு என்று உத்தரவானது.

முதல் மாதம் ரத்தினம்மாள் முணுமுணுத்தாள். இரண்டாம் மாதம் நிழலாக இடம் கேட்டாள். சும்மா உட்கார்ந்தால் கூலி வரும்போது, பஸ்ஸுக்குப் பயந்துகொண்டு ரோட்டில் நின்று விற்க யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமைச் சந்தை தானாக நின்றுபோனது.

போன செவ்வாயன்று இல்யாஸ் பாய் வழக்கம்போல் பேரம் பேசிக்கொண்டே குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, கடையில சரக்கு சுத்தமா தீந்துபோச்சி. நெஜமாவே புளி வேணும். இந்த மூட்டைய குடுங்க."

"இன்னா பாய், இப்டி கேக்கறே? இத்த குடுத்துட்டா அடுத்த செவ்வாக்கெழம நான் எத்த வெச்சிக்கினு ஒக்கார்றது?"

"வூட்ல வேற இல்லியா?"

"போன வருசத்து மூட்டதான் இது. புதுசு மரத்தடியில கொட்டிக் கெடக்குது. பொறுக்க யாருக்கு நேரம்? நான் கையெழுத்து போட்டுட்டேன் பாய். நீயும் போட்டுட்ட. வித்தா ரெண்டு பேருக்கும் ஆப்சென்ட்."

இல்யாஸ் பாய் நிமிர்ந்து கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டார். பிறகு குரலை உயர்த்தி, விட்ட இடத்திலிருந்து பேரத்தைத் தொடர்ந்தார்.

இப்போது எங்கள் மலையில் ரசம் வைக்கப் பாக்கெட் புளி கீழேயிருந்து பஸ்ஸில் வருகிறது. நேற்று ரத்தினம்மாளும் ஒன்று வாங்கிப் போனாள். எழுந்து போய் நாலு வார்த்தை பேசலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் கடையில் கூட்டம். பக்கத்து ஊர்க்காரர்கள் முப்பது பேர், தங்கள் ஊர் வணிக மையமும் முற்றிலும் உயிரற்ற நிலையில் காணப்படுவதாக மனு எழுதிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு நாலு காப்பி.