நெஞ்சில் ஒரு கூட்டல் குறி

"ஏங்க, உங்க கூட்டல் குறி பனியனுக்கு வந்துடுச்சு!"

மனைவி போட்ட சத்தத்தில் தையல்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். காலையிலிருந்து இஸ்திரி போட்ட வியர்வையில், ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வரைந்த மை அடையாளம் பனியனில் பளிச்சென்று ஒட்டியிருந்தது. நெஞ்சில் ஒன்றுமில்லை.

அவர் நெஞ்சைத் தடவித் தடவிப் பார்த்தார். உள்ளே இருக்கும் புற்றுநோய்க் கட்டிமேல் கதிர்வீச்சு சரியாக விழ அதுதான் வழிகாட்டி. "படம் எடுத்துப் பாத்துட்டு, இன்னும் கதிர் வேணுமான்னு சொல்றேன். அதுவரைக்கும் அடையாளம் பத்திரம்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். படம் எடுத்தாயிற்று. மதியம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"போய் உண்மையைச் சொல்லிடலாங்க."

"எதுக்கு? நான் பார்க்காத அளவா?"

கண்ணாடி முன் நின்று சாக்கட்டியால் வரைந்தார்.

"இடது பக்கமில்ல இருந்துச்சு?"

கண்ணாடியில் எல்லாம் மாறித் தெரியுமே என்று அதிபுத்திசாலித்தனமாக வலது பக்கம் போட்டிருந்தார். மனைவி பேனாவை எடுத்தாள். அவர் கூச்சத்தில் நெளிய, கோடு அக்குள்வரை ஓடியது.

"தள்ளுக்கா" என்று வந்தான் மைத்துனன். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் பெயின்டர். "மூச்சு விடாதீங்க மச்சான்."

சிவப்பு எனாமலில் கூட்டல் குறி கச்சிதமாக விழுந்தது. பழக்கதோஷத்தில் அதற்கு ஒரு மஞ்சள் நிழலும் கொடுத்துவிட்டான்.

"இடம் சரியாடா?"

"ஒரு விரற்கடை முன்னே பின்னே இருக்கும்."

"சட்டையைத் தப்பா வெட்டினா வேற துணி வாங்கித் தரலாம். எனக்கு இருக்கறது ஒரே நெஞ்சுடா!" அழுகையே வந்துவிட்டது அவருக்கு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள். தோல் சிவந்தது. எனாமல் முன்னைவிடப் பளபளத்தது.

ஆஸ்பத்திரியில், பஞ்சும் எண்ணெயுமாகக் காத்திருந்த நர்ஸ் முன்னால் தையல்காரர் திருடனைப் போல் சட்டையைக் கழற்றினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கைதட்டி டாக்டரைக் கூப்பிட்டாள். மிஷின் ஓட்டுபவர்கூட ஓடி வந்தார். எல்லார் முகத்திலும் சிரிப்பு.

"சிஸ்டர்... மறுபடியும் முதல்லேருந்தா?" என்றார் தையல்காரர், சட்டையால் நெஞ்சை மறைத்தபடி.

"கட்டி இருந்த இடமே தெரியலை ஐயா, இனிமே கதிரே வேண்டாம், அடையாளத்தைத் துடைச்சு அனுப்பத்தான் உங்களை வரச் சொன்னோம்... ஆனா கட்டியைக் கரைச்ச எங்களால இந்தப் பெயின்ட்டைக் கரைக்க முடியாது!"