மஞ்சள் தண்ணீரில் தலையாட்டிய படம்

எதையும் இரண்டு முறை சந்தேகப்படுகிறவன் ஏமாறமாட்டான், ஆனால் அசிங்கப்படுவான். இந்த இரண்டாம் பாதி எனக்கு மகளின் நிச்சயதார்த்தத்தில்தான் விளங்கியது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் விடவில்லை). ஒரத்தநாட்டில் சைக்கிளில் நெல் வாங்கி விற்றவன், இன்று சொந்த ரைஸ்மில் வைத்திருக்கிறேன். மூட்டைக்குள் குத்தூசி விட்டு உள்நெல்லைப் பார்க்காமல், பெற்ற தகப்பன் கொண்டுவந்தாலும் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவனுக்கு என் மகள் மலர் தானே தேடிவைத்த மாப்பிள்ளை, தஞ்சாவூரில் டிராயிங் வாத்தியார். படம் போட்டுப் பிழைக்கிறவனை எந்தக் குத்தூசியால் பார்ப்பது?

நிச்சயத்தன்று பழம், பூ, புடவை என்று தட்டுத்தட்டாகக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு தட்டில் ஓர் அட்டை. நடுவில் வெறும் வட்டம். அதைச் சுற்றி, மிதிபட்ட பரங்கிப்பழம் போல வண்ணம் இழுபட்டிருந்தது. உற்றுப் பார்த்தால் வாழைக்காய் நீளத்துக்கு இரண்டு கண்கள், மதகு அகலத்துக்கு வாய். எனக்குப் புரிந்துவிட்டது. செய்வினைச் சக்கரம்!

மனைவியின் காதில் சொன்னேன்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. வரையறது அந்தப் பிள்ளையோட தொழிலு."

(அவளுக்கும் வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன்.)

தட்டு மாற்றுவதற்குள் கழித்துவிட வேண்டும். அட்டையைக் கொல்லைக்குக் கடத்திப்போய், மஞ்சள் தண்ணீர் தெளித்து, நடுவட்டத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்து, நசுக்கக் காலைத் தூக்கினேன். பின்னால் மாப்பிள்ளை. கையில் பளபளவென்று ஓர் எவர்சில்வர் குழாய். அவருக்குப் பின்னால் மலர், அவளுக்குப் பின்னால் பாதிச் சபை.

"மாமா, காலை எடுங்க. அது நீங்கதான்."

எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு அந்த வட்டத்தில் குழாயை நிறுத்தினார். குழாயின் வளைவுக்கு ஏற்ப இழுத்து வரைந்ததாம். அதன் பளபளப்பில் பார்த்தால் நேராகிவிடுமாம். குனிந்து பார்த்தேன். குழாய்க்குள் நான். விபூதி, மீசை, என் சந்தேகப் பார்வை உட்பட. ஆனால் மஞ்சள் தண்ணீரில் மீசை கரைந்து தாடைவரை வழிந்துகொண்டிருந்தது.

யாரோ சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நிச்சயத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மலருக்குக் கண் கலங்கியது. மாப்பிள்ளை பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினார். அவர் பிடித்திருந்த குழாய் முன்னும் பின்னும் சாய, உள்ளே என் முகம் மெதுவாகத் தலையாட்டியது.

கோயில் கிடா மஞ்சள் தண்ணீர் பட்டுத் தலையாட்டினால், எங்கள் ஊரில் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மலர்தான் சொன்னாள்: "அப்பா தலையாட்டிட்டாங்க. தட்டை மாத்துங்க."

மாற்றிவிட்டார்கள்.

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. கார் வாங்குவதென்றாலும் பேத்தி டூர் போவதென்றாலும் என்னை யாரும் கேட்பதில்லை. குழாயை வைத்து ஓர் ஆட்டு ஆட்டிவிட்டு, "தாத்தாகிட்ட கேட்டாச்சு" என்று கிளம்பிவிடுகிறார்கள். சுகர் வந்த பிறகு ஒருநாள் நானே போய், சர்க்கரை போட்ட காப்பி ஒரு டம்ளர் கேட்டேன். என் மனைவி எழுந்து போய்க் குழாயைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினாள்.

நான் வேண்டாம் என்றுவிட்டேனாம்.